ஆக்டோபஸ்: கடலில் ஒன்று, கார்ட்டூனில் இன்னொன்று – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கம்பெனியோ கும்பலோ எல்லா இடத்திலும் கை வைத்திருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், நம் செய்தித்தாள்களில் முதலில் வந்து விழுவது ‘ஆக்டோபஸ் கரங்கள்’தான். அந்தப் பிராணியைப் பற்றியும், அதை வைத்துக் கடந்த 150 ஆண்டுகளாக வரையப்பட்ட அதிகாரப் படங்களைப் பற்றியும் கேள்விகளாகவும் பதில்களாகவும் இங்கே எழுதியிருக்கிறேன். இந்த உவமை சில இடங்களில் எளிய மக்களுக்காக நியாயம் பேசியிருக்கிறது. சில இடங்களில் கொலைக்குத் துணைபோயிருக்கிறது. இரண்டையும் பிரித்தறிய வேண்டும் என்பதே என் கவலை.

பேய்க்கணவாயும் ஆக்டோபஸும் ஒன்றுதானா?

ஒன்றுதான். நம் கடற்கரைகளில் ஓட்டுக்கணவாய், ஊசிக்கணவாய், பேய்க்கணவாய் என்று பிரித்துச் சொல்வார்கள். முதல் இரண்டுக்கும் உடலுக்குள் ஓடோ மெல்லிய தகடோ இருக்கும். எட்டுக் கைகளோடு, இரையை எட்டிப் பிடிக்க இரண்டு நீண்ட இழைகளும் உண்டு. பேய்க்கணவாய்க்கு எட்டுக் கைகள் மட்டுமே. பாடப்புத்தகத்தில் எண்காலி. நத்தைக்கும் மட்டிக்கும் தூரத்துச் சொந்தம். உலகில் ஏறத்தாழ 300 வகைகள் இருக்கின்றன.

பாக்கு நீரிணைப் பகுதியில் இதைப் பிடிக்கப் பழைய முறை ஒன்று இருந்தது. ஐவிரல் சங்கின் வெற்று ஓடுகளை நீளமான கயிற்றில் வரிசையாகக் கட்டிக் கடலடியில் போட்டுவிடுவார்கள். ஒளிய இடம் கிடைத்ததென்று உள்ளே புகுந்துகொள்ளும் பேய்க்கணவாய், கயிற்றை இழுக்கும்போது ஓட்டை விட்டு ஓடாமல் உள்ளேயே பதுங்கி மேலே வந்துவிடும். ஜப்பானிலும் மத்தியதரைக் கடல் நாடுகளிலும் இதே வேலையை மண்பானைகள் செய்கின்றன.

மூன்று இதயம், ஒன்பது மூளை என்கிறார்களே, உண்மையா?

மூன்று இதயம் உண்மை. இரண்டு, செவுள்களுக்கு ரத்தத்தைத் தள்ளுகின்றன. மூன்றாவது, உடல் முழுவதற்கும். நீந்தும்போது அந்த மூன்றாவது இதயம் நின்றுவிடும். அதனால்தான் இது நீந்துவதைவிட ஊர்ந்து போவதையே விரும்புகிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு அல்ல, செம்பு. எனவே ரத்தம் நீலமாக இருக்கும்.

ஒன்பது மூளை என்பது சற்று மிகை. மூளை ஒன்றுதான், அது உணவுக்குழாயைச் சுற்றி வளையமாக அமைந்திருக்கிறது. விழுங்கும் ஒவ்வொரு கவளமும் மூளையின் நடுவே புகுந்துதான் போகும்! ஆனால் அந்த மிகைக்குப் பின்னே பெரிய உண்மை ஒன்று இருக்கிறது. சாதாரண ஆக்டோபஸின் உடலில் இருக்கும் சுமார் 50 கோடி நரம்பணுக்களில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில்தான் இருக்கின்றன. வெட்டப்பட்ட கைகூட, தொட்டால் சுருங்கும், சற்று நேரம் துழாவும். உறிஞ்சிகள் பிடிப்பதோடு நிற்பதில்லை, தொட்ட பொருளைச் சுவைக்கவும் செய்கின்றன. பாறை இடுக்குக்குள் கையை விடும்போது உள்ளே நண்டு இருக்கிறதா என்பதைக் கண் பார்ப்பதில்லை. கையே சுவைத்துப் பார்த்து முடிவெடுக்கிறது. நுணுக்கமான முடிவுகளில் பெரும்பகுதியைக் கை தானே பார்த்துக்கொள்கிறது, மொத்தத் திசையை மூளை சொல்கிறது.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கார்ட்டூன் ஆக்டோபஸில் தலை மட்டும்தான் யோசிக்கும், கைகள் வெறும் ஏவலாட்கள். கடலில் இருப்பது அப்படிப்பட்ட பிராணி அல்ல.

நிறத்தை எப்படி மாற்றுகிறது?

தோலில் ஆயிரக்கணக்கான நுண்ணிய நிறப்பைகள் இருக்கின்றன. ஒவ்வொரு பையையும் சுற்றிலும் தசைநார்கள். அவை இழுத்தால் பை விரிந்து நிறம் தெரியும். விட்டால் சுருங்கிப் புள்ளியாகிவிடும். அந்தத் தசைகளுக்கு மூளையிலிருந்து நேரடியாக நரம்பு போவதால் ஒரு நொடிக்குள் வேலை முடிகிறது. நிறத்தோடு தோலின் சொரசொரப்பும் மாறும். வழவழவென்று இருந்த உடம்பில் சின்னச் சின்ன முகடுகள் எழும்பி, பாசி படிந்த பாறையாகவே தெரியும். கண் மட்டும் மூடாமல் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

வியப்பு என்னவென்றால், பெரும்பாலான ஆக்டோபஸ்களின் கண்ணில் நிறம் பிரித்தறியும் அமைப்பே இல்லை. தன் கண்ணுக்குத் தெரியாத நிறத்தைத் தன் உடம்பில் கொண்டுவருகிறது. இது எப்படி நடக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் ஓயவில்லை.

அவ்வளவு புத்திசாலியா?

ஆம். நியூசிலாந்தின் நேப்பியர் நகர மீன் காட்சியகத்திலிருந்து இங்கி என்ற ஆக்டோபஸ் 2016-இல் தப்பியது. தொட்டியின் மூடி சற்றுத் திறந்திருந்த இரவில் வெளியேறி, தரையில் ஊர்ந்து, சுமார் 50 மீட்டர் நீள வடிகால் குழாய் வழியாகக் கடலுக்குப் போய்விட்டது. உடம்பில் கெட்டியான பாகம் கிளி மூக்கு போன்ற அதன் அலகு மட்டும்தான் என்பதால், அலகு நுழையும் துளையில் முழு உடலும் நுழைந்துவிடும். இந்தோனேசியக் கடலில் ஒரு வகை, மனிதர்கள் வீசியெறிந்த தேங்காய்ச் சிரட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய், வேண்டிய இடத்தில் கவிழ்த்து உள்ளே ஒளிந்துகொள்வதை 2009-இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள்.

2010 உலகக் கோப்பைக் கால்பந்தில் எட்டு ஆட்டங்களின் முடிவையும் சரியாகச் ‘சொன்ன’ ஜெர்மனியின் பால் பற்றியும் கேட்பார்கள். அது தற்செயல். இந்தப் பிராணியின் அறிவுக்கு ஜோசியச் சான்றிதழ் தேவையில்லை.

எத்தனை ஆண்டு வாழும்?

பெரும்பாலான வகைகள் ஓரிரு ஆண்டுகள்தான். பசிபிக் பேராக்டோபஸ் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள். தாய் முட்டையிட்டபின் இரை தேடாது. முட்டைக் கொத்துகள் மேல் நீரை ஊதிச் சுத்தமாக வைத்தபடி, பட்டினி கிடந்து, குஞ்சு பொரியும் காலத்தில் இறந்துவிடும். கலிபோர்னியாவின் மான்டரே ஆழ்கடல் பள்ளத்தில் சுமார் 1,400 மீட்டர் ஆழத்தில் ஒரு தாய் 53 மாதங்கள் முட்டைகளைக் காத்ததை ஆய்வுக்கலங்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தன. இத்தனை அறிவும் அடுத்த தலைமுறைக்குக் கற்றுத்தரப்படாமலே போய்விடுகிறது. குஞ்சு தாயைப் பார்ப்பதே இல்லை.

சொத்து சேர்க்காது, வாரிசுக்கு எதையும் விட்டுப்போகாது. இதைப் போய் ஏகபோக முதலாளிக்கு உவமையாக்கியது பெரிய அநியாயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆளைக் கொல்லுமா?

நீலவளைய ஆக்டோபஸ் கொல்லும். உள்ளங்கை அளவுகூட இருக்காது, கடித்தால் வலியும் பெரிதாகத் தெரியாது. ஆனால் அதன் விஷம் மூச்சுவிடும் தசைகளைச் செயலிழக்க வைத்துவிடும். மற்றபடி, கப்பலைப் பிடித்து இழுக்கும் கதைகள் கதைகளே.

அப்படியானால் அதிகாரத்தின் சின்னமாக எப்போது ஆனது?

பழங்காலத்தில் அப்படி இல்லை. கி.மு. 1500 அளவில் கிரீட் தீவுக் குயவர்கள் குடுவைகளில் வரைந்த ஆக்டோபஸ் அழகாக இருக்கும். கைகள் குடுவையின் வளைவை அணைத்தபடி போகும். கிரேக்கக் கவிஞர் தியோக்னிஸ், ஒட்டிக்கொண்ட பாறையின் நிறத்தை எடுக்கும் ஆக்டோபஸ் போலச் சேரும் நண்பருக்கேற்ப மனத்தை மாற்றிக்கொள் என்று புத்தி சொன்னார். அன்றைய உவமை ஒளிவதற்கும் வளைந்துகொடுப்பதற்கும்தான், ஆக்கிரமிப்புக்கு அல்ல.

திருப்பம் 19-ஆம் நூற்றாண்டில் வருகிறது. 1866-இல் பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோ ஒரு நாவலில் ஆக்டோபஸை ரத்தம் உறிஞ்சும் அரக்கனாக எழுதினார். பாரிஸ் முழுக்க அதே பேச்சானது. 1877-இல் ஃபிரெட் ரோஸ் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட ஐரோப்பிய வரைபடத்தில் ரஷ்யா ஒரு பெரிய ஆக்டோபஸாகப் படுத்திருந்தது. 1904-இல் ரஷ்ய–ஜப்பானியப் போரின்போது ஜப்பானில் அதே பாணியில் கறுப்பு ஆக்டோபஸ் வரைந்தார்கள். முதல் உலகப் போரில் பிரஷ்யா, இரண்டாம் உலகப் போரில் ஜப்பான், சர்ச்சில் என்று யாருக்கு யார் எதிரியோ அவர்களெல்லாம் ஆக்டோபஸ் ஆனார்கள்.

வரைபடக்காரர்களுக்கு இது ஏன் பிடித்தது என்பது எளிது. சிங்கமோ கரடியோ ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடிக்கும். எட்டுக் கை இருந்தால் ஒரே படத்தில் எட்டு நாட்டையும் பிடித்துக் காட்டிவிடலாம்.

கம்பெனிகளை இப்படி வரைந்தது எங்கே தொடங்கியது?

மிகப் புகழ்பெற்ற படம் சான்பிரான்சிஸ்கோவின் ‘தி வாஸ்ப்’ இதழில் 1882 ஆகஸ்ட் 19 அன்று வந்தது. வரைந்தவர் ஃபிரெடரிக் கெல்லர். ஆக்டோபஸாக இருப்பது சதர்ன் பசிபிக் ரயில்வே. அதன் இரண்டு கண்களுக்குள்ளும் உற்றுப் பாருங்கள்: ஒன்றில் லேலண்ட் ஸ்டான்ஃபோர்டின் முகம், மற்றதில் சார்லஸ் குரோக்கரின் முகம். ரயில்வேயின் உண்மையான முதலாளிகள். கைகளின் பிடியில் விவசாயிகளும் சுரங்கத் தொழிலும் கப்பல் போக்குவரத்தும்.

அந்தக் கோபம் காற்றில் வந்ததல்ல. ஏக்கர் இரண்டரை டாலர் முதல் கிடைக்கும் என்று ரயில்வே விளம்பரம் செய்ததை நம்பி கலிபோர்னியாவின் மசல் ஸ்லூ பகுதியில் குடியேறியவர்கள் கால்வாய் வெட்டி, நிலத்தைத் திருத்தினார்கள். பிறகு ரயில்வே கேட்ட விலை அதைப்போலப் பல மடங்கு. 1880 மே 11 அன்று வெளியேற்ற வந்தவர்களோடு மோதல், துப்பாக்கிச் சூடு, ஏழு பேர் சாவு. ரயில்வேயை அரசியலிலிருந்து விரட்டுவேன் என்று பிரச்சாரம் செய்த ஹைரம் ஜான்சன் 1910-இல் கலிபோர்னியாவின் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மறுஆண்டே ரயில் கட்டணத்தைக் கட்டுப்படுத்தும் ஆணையத்துக்கு அதிகாரம் கூட்டப்பட்டது. 

1904-இல் அமெரிக்காவின் ‘பக்’ இதழ், ஸ்டாண்டர்டு ஆயில் என்ற எண்ணெய்க் கம்பெனியை எண்ணெய்த் தொட்டி வடிவ ஆக்டோபஸாக வரைந்தது. ஒரு கை அமெரிக்க நாடாளுமன்றத்தைச் சுற்றியிருக்கும். இன்னொரு கை வெள்ளை மாளிகையை நோக்கி நீளும். 1911-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அந்தக் கம்பெனி 34 கம்பெனிகளாக உடைக்கப்பட்டது.

‘எல் புல்போ’ என்றால் யார்?

ஸ்பானிய மொழியில் ஆக்டோபஸ். மத்திய அமெரிக்க மக்கள் யுனைடெட் ஃபுரூட் என்ற அமெரிக்க வாழைப்பழக் கம்பெனிக்கு வைத்த பெயர். இந்த உவமைக்கு இதைவிடப் பொருத்தமான ஒரு கம்பெனியை நான் அறியேன்.

1899-இல் தொடங்கிய கம்பெனி அது. குவாத்தமாலாவில் தோட்டம் அதனுடையது. தோட்டத்திலிருந்து பழம் போகும் ரயில்பாதையில் பெரும்பங்கு அதன் கையில். ரயில் போய் நிற்கும் புவெர்டோ பாரியோஸ் துறைமுகமும் அதன் கட்டுப்பாட்டில். அங்கிருந்து பழத்தை ஏற்றிப் போகும் வெள்ளைநிறக் கப்பல்களும் அதனுடையவையே. தந்திக்கும் வானொலித் தொடர்புக்கும் தனிக் கம்பெனி வைத்திருந்தது. வேறு ஒரு விவசாயி காப்பி விளைவித்தாலும் அந்த ரயிலிலும் அந்தத் துறைமுகத்திலும், அவர்கள் சொன்ன கட்டணத்தைக் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும்.

1952-இல் குவாத்தமாலா அதிபர் ஹகோபோ ஆர்பென்ஸின் அரசு நிலச்சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. பெரிய பண்ணைகளில் பயிரிடாமல் கிடக்கும் நிலத்தை எடுத்து நிலமற்றவர்களுக்குக் கொடுப்பது திட்டம். கம்பெனி வைத்திருந்த சுமார் ஐந்தரை லட்சம் ஏக்கரில் பெரும்பகுதி தரிசாகவே கிடந்தது. எடுத்த நிலத்துக்கு அரசு தர முன்வந்த இழப்பீடு 6,27,572 டாலர். இந்தத் தொகை எங்கிருந்து வந்தது? வரி குறைவாகக் கட்டுவதற்காகக் கம்பெனியே தன் நிலத்துக்கு எழுதிக் கொடுத்திருந்த மதிப்பு அது! கம்பெனியின் சார்பில் அமெரிக்க வெளியுறவுத் துறை பதிலுக்குக் கேட்டது 1,58,54,849 டாலர். அப்போது வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ். அவர் முன்பு பணிபுரிந்த சட்ட நிறுவனம் இந்தக் கம்பெனியின் நலன்களுக்காக வேலை செய்தது. அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் இயக்குநர் ஆலன் டல்லஸ், அவருடைய தம்பி. 1954 ஜூனில் சிஐஏ பயிற்சி அளித்த படை குவாத்தமாலாவுக்குள் நுழைந்தது. ஜூன் 27 அன்று ஆர்பென்ஸ் பதவி விலகினார். அந்நாடு பின்னர் பல பத்தாண்டு உள்நாட்டுப் போருக்குள் போனது.

இனிமேல் வருவதுதான் பலரும் சொல்லாமல் விடும் பகுதி. ஆர்பென்ஸ் விழுந்து ஐந்தே நாளில், ஜூலை 2 அன்று, அதே அமெரிக்க அரசின் நீதித்துறை யுனைடெட் ஃபுரூட் மீது ஏகபோகத் தடைச் சட்டத்தில் வழக்குப் போட்டது. 1958-இல் கம்பெனி தன் தொழிலில் ஒரு பகுதியைப் பிரித்துக்கொடுக்கச் சம்மதித்தது. ஒரு கை ஆட்சியைக் கவிழ்க்கிறது, இன்னொரு கை வழக்குப் போடுகிறது. எல்லாவற்றையும் இயக்கும் ஒற்றைத் தலை இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அதனால் டல்லஸ் சகோதரர்களின் பொறுப்பு குறைந்துவிடாது; அவரவர் செய்தது அவரவர் கணக்கில்தான். கையே முடிவெடுக்கும் அந்தப் பிராணியோடு உவமை பொருந்துவது இந்த இடத்தில்தான்.

இவையெல்லாம் மறைவான அதிகாரமா?

அவ்வளவாக இல்லை. ரயில்பாதை பகலில் ஓடியது. நில மதிப்பு வரிக் கணக்கில் இருந்தது. ஸ்டாண்டர்டு ஆயில் ரயில்வேக்களிடம் பெற்ற ரகசியத் தள்ளுபடிகளை ஐடா டார்பெல் என்ற பத்திரிகையாளர் நீதிமன்ற ஆவணங்களிலிருந்தும் விசாரணை அறிக்கைகளிலிருந்தும் எடுத்துத் தொடராக எழுதினார். உண்மையில் மறைந்திருந்தது சிஐஏவின் பங்கு. அதுவும் பின்னாளில் அந்த அமைப்பே வெளியிட்ட ஆவணங்களில் வந்துவிட்டது. பெரும்பாலான அதிகாரம் இருட்டில் இருப்பதில்லை, யாரும் புரட்டாத கோப்பில் இருக்கிறது.

இந்தப் படத்தில் தவறு எப்போது நேர்கிறது?

தலையின் இடத்தில் ஒரு கம்பெனியின் பெயரோ அதிகாரியின் பெயரோ இல்லாமல் ஒரு இனத்தை, மதத்தை, சாதியை வைக்கும்போது. 1938 அளவில் நாஜி கார்ட்டூனிஸ்ட் ஜோசஃப் பிளாங்க் வரைந்த படத்தில், யூதர்களின் சின்னமான தாவீது நட்சத்திரத்தைத் தலைமேல் கொண்ட ஆக்டோபஸ் உலக உருண்டையைப் பிடித்திருக்கும். சதர்ன் பசிபிக் போல அங்கே எந்தக் கம்பெனியும் இல்லை. எந்தக் கை எந்த ஒப்பந்தத்தால் எதைப் பிடித்தது என்ற கேள்வியும் இல்லை. யூதராகப் பிறந்த தையல்காரரும் பள்ளிக் குழந்தையும் அந்தப் பிராணியின் ஒரு துண்டு என்று ஆக்கப்பட்டார்கள். 60 லட்சம் யூதர்களைக் கொன்ற ஆட்சி அதற்கு முன் நாட்டு மக்களின் கண்ணில் பதியவைத்த படங்களில் இதுவும் ஒன்று.

அந்தக் காயம் இன்றும் ஆறவில்லை. 2023 அக்டோபரில் காசா மக்களுக்கு ஆதரவாக ஸ்வீடன் சூழலியல் போராளி கிரேட்டா துன்பர்க் வெளியிட்ட புகைப்படத்தில் பக்கத்தில் ஒரு ஆக்டோபஸ் பொம்மை இருந்ததே பெரிய சர்ச்சையானது. ஆட்டிசம் உள்ளவர்கள் உணர்வுகளைச் சொல்லப் பயன்படுத்தும் பொம்மை அது என்று விளக்கி, படத்தை எடுத்துவிட்டார். அவர் மனத்தில் வெறுப்பு இருந்ததாக நான் நினைக்கவில்லை. அந்தப் படத்தைக் கண்டு ஒருவர் ஏன் அஞ்சுகிறார் என்பதும் எனக்குப் புரிகிறது.

ஆய்வு செய்யும் பத்திரிகையாளரும் இதில் சிக்குவாரா?

சிக்கலாம். டேனி கசோலாரோ என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், இன்ஸ்லா என்ற கம்பெனியின் மென்பொருளை அமெரிக்க நீதித்துறை அபகரித்தது என்ற புகாரிலிருந்து தொடங்கினார். உறுதியான புகார் அது. 1987-இல் ஒரு நீதிபதி கம்பெனியின் பக்கம் தீர்ப்பளித்தார், மேல்முறையீட்டில் அதிகார வரம்பைக் காரணம் காட்டி அது ரத்தானது. கசோலாரோ அங்கே நிற்கவில்லை. ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற பணத்தை நிகரகுவா கிளர்ச்சிப் படைக்குக் கொடுத்த ஈரான்–கான்ட்ரா ஊழல், பிசிசிஐ என்ற பன்னாட்டு வங்கியின் மோசடி எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே சிறு குழு இருக்கிறது என்று நம்பி, அதற்கு ‘ஆக்டோபஸ்’ என்று பெயரிட்டார். 1991 ஆகஸ்டில் ஒரு விடுதி அறையில் இறந்து கிடந்தார். தற்கொலை என்றது விசாரணை, குடும்பத்தினர் ஏற்கவில்லை.

அவருடைய துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் தனித்தனியே நிரூபிக்கக்கூடிய நான்கு குற்றங்களை ஒரே உடம்பில் ஒட்டினால், ஒட்டிய இடம் பிய்ந்ததும் நான்குமே கட்டுக்கதை என்று தள்ளிவிட எதிராளிக்கு வழி கிடைத்துவிடுகிறது.

அதிகாரமே இந்தச் சின்னத்தை விரும்பி வைத்துக்கொண்டது உண்டா?

உண்டு. 2013 டிசம்பர் 5 அன்று அமெரிக்கா ஏவிய உளவுச் செயற்கைக்கோள் ஒன்றின் இலச்சினையில், ஆக்டோபஸ் பூமி உருண்டையைத் தழுவியிருந்தது. எங்கள் கைக்கு எட்டாதது எதுவுமில்லை என்பது அதன் வாசகம். அமெரிக்க அரசின் கண்காணிப்பை அம்பலப்படுத்திய ஸ்னோடன் ஆவணங்கள் வெளிவந்து ஆறு மாதம் ஆகியிருந்த நேரம் அது. மக்கள் கொதித்ததில் வியப்பில்லை. நம் பக்கத்திலேயே, ஆந்திரக் காவல்துறையின் பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவுக்கும் ‘ஆக்டோபஸ்’ என்றுதான் பெயர்.

நான் எழுதும் கட்டுரையில் ‘ஆக்டோபஸ் கரங்கள்’ என்று எழுதலாமா?

எழுதுங்கள், கைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல முடிந்தால். ஒரு மாவட்டத்தின் மணல் கொள்ளையைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். குவாரி உரிமம் யார் பெயரில், லாரிகள் யார் பெயரில் பதிவு, எடைச்சீட்டு எந்த அலுவலகத்தில் மாறுகிறது, தடுக்க வேண்டிய அதிகாரி யார் என்று நான்கும் கையில் இருந்தால் உவமை தானாகவே நிற்கும். நான்கும் இல்லாமல் ‘எல்லாவற்றுக்கும் பின்னால் அவர்கள்’ என்று மட்டும் எழுதினால், அந்த ‘அவர்கள்’ என்ற இடத்தில் வாசகர் தனக்கு ஏற்கெனவே பிடிக்காத ஒரு கூட்டத்தை வைத்துக்கொள்வார்.

இந்தப் பிராணிக்குச் சட்டப் பாதுகாப்பு ஏதாவது இருக்கிறதா?

பிரிட்டன் 2022-இல் இயற்றிய சட்டம், உணர்வுள்ள உயிர்களின் பட்டியலில் ஆக்டோபஸையும் கணவாய்களையும் சேர்த்தது. ஸ்பெயினின் கனாரித் தீவுகளில் ஆண்டுக்கு 3,000 டன் ஆக்டோபஸ் வளர்க்கும் பண்ணைத் திட்டம் முன்வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. நானும் அந்த எதிர்ப்பின் பக்கம்தான். தனியாக வாழும், ஒன்றையொன்று தின்னவும் தயங்காத பிராணியைத் தொட்டியில் கூட்டமாக அடைப்பது கொடுமை. 2024-இல் வாஷிங்டன், கலிபோர்னியா மாநிலங்கள் இத்தகைய பண்ணைகளைத் தடைசெய்தன. இந்தியாவில் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், மனிதரைத் தவிர்த்த எந்த உயிரினத்தையும் விலங்கு என்றே வரையறுக்கிறது. பேய்க்கணவாயும் அதற்குள் அடங்கும்.